மீட்டரில் முதலிடம், தரையில் ஐந்து பிணம்

யார் அதிகம் அடிக்கிறானோ அவன்தான் ஆட்டக்காரன். வடசென்னையில், காலடிப்பேட்டையிலிருந்து ராயபுரம் கல்மண்டபம் வரை, போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு ஆன்லைனில் அரக்கர்களை வேட்டையாடும் பையன்களில் பெரும்பாலானவர்கள் இதைத்தான் வேதமாகச் சொல்கிறார்கள். சண்டை முடிந்ததும் யார் எவ்வளவு அடித்தார்கள் என்று பட்டியல் போடும் டேமேஜ் மீட்டர் வந்துவிடும். அதில் தன் பெயர் முதலில் இருந்தால் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார்கள். அணி ஜெயித்ததா செத்ததா என்பது அந்தப் படத்தில் இருக்காது.

இந்த ஊரில் பிறந்தவனுக்கு அப்படித் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதை கேட்டு வளர்ந்த மண். வடசென்னையைக் காட்டும் சினிமாவிலும் ஒருத்தன் கை ஓங்கினால் பத்துப் பேர் பறப்பார்கள். வளையத்துக்குள் இறங்குவது ஒரே ஆள், அங்கே அந்தப் பெருமைக்கு இடமுண்டு. ஐந்து பேர் ஒன்றாகக் குகைக்குள் நுழையும் ஆட்டத்தில் அதே பெருமைதான் அணிக்குக் குழி பறிக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எதிரே நான்கு அரக்கர்கள். ஒவ்வொன்றுக்கும் உயிர் 1000 புள்ளி. ஒவ்வொன்றும் நொடிக்கு 50 புள்ளி நம்மை அடிக்கிறது. நம் அணி மொத்தமாக நொடிக்கு 400 அடிக்கிறது. ஆளுக்கொரு பக்கம் பிரித்துச் சமமாக அடித்தால் நான்கும் 10-வது நொடியில் ஒன்றாகச் சாகும். அதுவரை நான்கும் அடித்துக்கொண்டே இருப்பதால் நாம் வாங்குவது 2000. எல்லோரும் சேர்ந்து ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் இரண்டரை நொடிக்கு ஒன்று விழும். கடைசி அரக்கன் விழுவது அதே 10-வது நொடியில்தான், ஆனால் நாம் வாங்குவது 1250. உயிர் ஒரு புள்ளி மிச்சமிருக்கும் அரக்கனும் முழு வேகத்தில்தான் அடிப்பான், செத்தவன் அடிக்கமாட்டான். இந்த 750 புள்ளி வித்தியாசத்தில்தான் பல அணிகளின் உயிர் இருக்கிறது. மீட்டரைப் பாருங்கள், இரண்டு சண்டைக்கும் 4000 என்று ஒரே எண்ணைத்தான் காட்டும். அடியை ஓரிடத்தில் குவிப்பதன் பலனை லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1916-லேயே நிஜப் போருக்குச் சமன்பாடாக எழுதிவிட்டார். நம் பையன்களிடம் அது இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்தது, அரக்கன் யாரைப் பார்க்கிறான் என்கிற விஷயம். ஆட்டக்காரர்கள் இதை அக்ரோ என்பார்கள். 1999-ல் வந்த எவர்குவெஸ்ட் ஆட்டம் போட்ட பாதையை 2004 நவம்பரில் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கவசம் பூண்டு முன்னால் நின்று அடி வாங்க டேங்க் ஒருவர், உயிர் ஊட்ட ஹீலர் ஒருவர், அடிக்க மூன்று பேர். அரக்கனுக்குள் ஒரு கோபக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு புள்ளியும் உங்கள் பேரில் ஏறும். டேங்கின் கணக்கை, பக்கத்தில் நிற்பவர் 10 சதவீதம் தாண்டினால், தூரத்தில் நிற்பவர் 30 சதவீதம் தாண்டினால், அரக்கன் டேங்கை விட்டுவிட்டு அவர் மேல் பாய்வான். ஊட்டும் உயிருக்கும் கோபம் உண்டு: புள்ளிக்குப் பாதி, அதுவும் சண்டையிலிருக்கும் எல்லா அரக்கர்களுக்கும் பங்காகப் போகும். அதனால்தான் யாரும் இன்னும் தொடாத அரக்கன் நேராக ஹீலரைத் தேடி ஓடுகிறான். அவன் கணக்கில் அந்த ஒரு பெயர்தான் இருக்கிறது.

இதெல்லாம் தெரியாமல் அடித்தால் என்ன ஆகும் என்பதைத் திருவொற்றியூரில் ஒரு மாடிப்படியில் பார்த்தேன். ஐந்து பையன்கள், ஐந்து போன். டேங்க் இன்னும் பாதி வழியில் இருக்கிறான், அதற்குள் வில்லாளி தன் பெரிய அடியைப் போட்டுவிட்டான். அரக்கன் திரும்பினான். ஹீலர் பதறி வில்லாளிக்கு உயிர் ஊற்றினான். குகையின் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த அரக்கர் கூட்டம் ஹீலரைச் சூழ்ந்துகொண்டது.

"டேய், ஹீல் போடுடா!"

"போன் ஹேங் ஆவுது ண்ணா..."

"அப்புறம் இன்னாத்துக்குடா வந்த?"

பையன்களிலேயே சின்னவன் அந்த ஹீலர். போனும் பழசு. ஹீலர் என்றால் பின்னால் சும்மா நிற்கிற வேலை என்று நினைத்து அந்தப் பொறுப்பை அவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஐந்து பேரில் நொடி தவறக் கூடாத ஆளே அவன்தான், அவன் கையில்தான் தொங்கிப்போகும் போன். மீட்டரில் முதலிடம் வில்லாளிக்கு. முதலில் செத்ததும் அவன்தான். திட்டு முழுக்கச் சின்னவனுக்கு விழுந்தது.

பின்னால் நிற்பவனின் வேலை இந்த ஊருக்குப் புதிதில்லை. துறைமுகத்தில் கன்டெய்னர் வருவதற்கு முன்னால், சரக்கு மூட்டை மூட்டையாக இறங்கிய காலத்தில், வின்ச் இயக்குபவருக்குக் கப்பலின் அடிக்கிடங்கு கண்ணில் படாது. ஹேட்ச் வாயில் நின்று கையசைக்கும் சிக்னல்காரரை நம்பித்தான் ஏற்றுவார், இறக்குவார். டேலி கிளார்க்கின் நோட்டில் மூட்டைக் கணக்கு ஏறும், கையசைவு ஏறாது. அந்த ஆள் ஒரு மூட்டை கூடத் தூக்கவில்லையே என்று ராயபுரத்தில் யாரும் கேலி செய்து நான் கேட்டதில்லை. கீழே நின்றவர்களின் தலை அவர் கையில் இருந்தது.

கணக்கில் ஏறாத வேலைகள் இந்த ஆட்டத்திலும் நிறைய. வார்கிராஃப்ட்டில் மந்திரவாதி ஓர் எதிரியை ஆடாக்கிவிடுவான். பழைய வார்கிராஃப்ட்டின் மேல்நிலையில் 50 நொடி வரை அது சண்டையை மறந்து அலைந்துகொண்டிருக்கும். நான்கு எதிரி மூன்றாகிவிட்டது. யாராவது ஒரு சின்ன அடி போட்டாலும் போச்சு, ஆடு அரக்கனாகிவிடும். ஆடாக இருந்தபோது உயிரையும் நிரப்பிக்கொண்டிருக்கும். எதை முதலில் அடிப்பது, எதைத் தொடக் கூடாது என்று காட்டத்தான் எதிரியின் தலைக்கு மேல் மண்டையோடு, நிலா என்று குறி வைக்கும் வசதி வந்தது. மண்டையோட்டை அடி, நிலாவை விடு. மீட்டர் பைத்தியம் பிடித்தவன் இரண்டையும் சேர்த்து அடிப்பான். கூட்டத்தின் மேல் நெருப்பு மழை பெய்தால் எண்ணிக்கை கூடுமே! சுவர் மறைவில் பதுங்குவதும் கணக்கில் ஏறாத வேலைதான். தூரத்திலிருந்து எய்யும் எதிரியைத் துரத்திக்கொண்டு போகவே வேண்டாம். டேங்க் ஓர் அடி கொடுத்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் வந்து நின்றால், எய்ய வழியில்லாமல் அவன் தானாகவே வந்து சேருவான். அந்த ஐந்து நொடி யாரும் அடிக்கக் கூடாது. அதுதான் நம் ஆட்களால் முடியாது.

2005-ல் பரவிய, வார்கிராஃப்ட்டில் எடுத்த லீராய் ஜென்கின்ஸ் வீடியோ பலருக்கும் தெரியும். அணி உட்கார்ந்து திட்டம் போடுகிறது, சதவீதக் கணக்கெல்லாம் பேசுகிறது. எழுந்துபோயிருந்த ஒருத்தன் திரும்பி வந்து, தன் பெயரையே கத்திக்கொண்டு உள்ளே பாய்கிறான். எல்லோரும் சாகிறார்கள். அது வேண்டுமென்றே நடித்து எடுத்தது, இப்படிப்பட்ட அணிகளைக் கிண்டல் செய்ய. கிண்டலுக்குப் பிறந்தவன் நாயகனாகிவிட்டான். ஆட்டத்தை நடத்தும் நிறுவனமே பின்னால் டிராகன் குஞ்சுகள் 50-ஐ 15 நொடிக்குள் கொல்பவருக்கு 'ஜென்கின்ஸ்' பட்டம் வைத்தது. ஆட்டைத் தொடாமல் விட்டுக் காத்தவனுக்கு அதுபோல ஊர் அறிந்த பட்டம் எதுவும் இல்லை.

அடிக்காமல் அரக்கன் எப்படிச் சாவான் என்று கேட்பார்கள். நியாயம்தான். குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்காவிட்டால் வெறி பிடித்து எல்லோரையும் தீர்த்துவிடும் தலைமை அரக்கர்கள் உண்டு. அங்கே அடி குறைந்தால் வேலைக்காகாது. டேங்க் கூட்டத்தை இறுக்கிப் பிடித்துவிட்டால் நெருப்பு மழையும் நல்ல உத்திதான், ஒவ்வொன்றாக அடிப்பதைவிட வேகமாகவே முடியும். ஆனால் இரண்டுக்கும் முன்நிபந்தனை ஒன்று: அடிப்பவன் நேரம் முடியும்வரை உயிரோடு நிற்க வேண்டும். முதல் நிமிடத்திலேயே அக்ரோவை இழுத்து விழுந்தவனின் அடி அதற்குப் பிறகு பூஜ்யம். அவனை எழுப்ப ஹீலர் செலவழிக்கும் நேரமும் டேங்க் வாங்கும் அடியும் அவன் பேரில் எழுதப்பட வேண்டியவை. எந்த மீட்டரும் அப்படி எழுதுவதில்லை.

இன்னும் ஒன்று. வார்கிராஃப்ட் ஆட்டக்காரர்கள் இணைத்துக்கொள்ளும் 'டீடெய்ல்ஸ்' போன்ற மீட்டர்களில் அடிக் கணக்கோடு வேறு பக்கங்களும் இருக்கின்றன. யார் எப்போது செத்தார்கள், எதிரியின் மந்திரத்தைப் பாதியில் தடுத்தது யார், ஆட்டை அடித்து மீண்டும் அரக்கனாக்கியது யார் என்று பெயர் பெயராக வரும். அந்தப் பக்கங்களை இதுவரை யார் ஸ்டேட்டஸிலும் நான் பார்த்ததில்லை.