கையில் ஒரே கேமரா, மேடையில் ஒரே முகூர்த்தம்

தை பிறந்ததும் வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. “சொந்தத்தில் கல்யாணம், நீதான் படம் எடுக்கணும் என்கிறார்கள். ஒரு பாடியும் கிட் லென்ஸும்தான் இருக்கு. எந்த லென்ஸ் வாங்கலாம்?” தொழில்முறைக் கலைஞர்களின் குறையோ வேறு: “ஓசியில் எடுத்துக் கொடுத்து எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடுகிறார்கள்.” இரு தரப்பும் தொடாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. அது ஸ்பேர்.

படத் தரத்தில் இன்றைய சாதாரண கேமரா அவ்வளவாகப் பின்தங்கியதில்லை. 24 மெகாபிக்சல் கோப்பு 6000 × 4000 புள்ளிகள் கொண்டது; 12 × 18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு 300 டிபிஐ தாராளமாகக் கிடைக்கும். வெளிச்சம் போதாது என்றால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இருக்கிறது. கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அதைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விலை மலிவான லென்ஸ்களில் இதுவும் ஒன்று.

தொழில்முறைக் கலைஞர் இரண்டு பாடி, இரண்டு கார்டு ஸ்லாட், நான்கைந்து பேட்டரி, விளக்குப் பிடிக்க ஓர் உதவியாளர் என்று வருகிறார். ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று கைகொடுக்கும். ஆர்வலரிடம் எல்லாமே ஒன்றுதான். கார்டு படுத்தால் கல்யாணமே ஆல்பத்தில் இருக்காது. எனவே செலவழிக்கும் பணமும் யோசனையும் முதலில் போக வேண்டிய இடம் இதுதான்.

கல்யாணத்தில் பெரும்பாலானவற்றை மறுபடியும் எடுத்துவிடலாம். வரவேற்பில் ஜோடியைத் திரும்ப நிறுத்தலாம். மாலை மாற்றுவது பல வீடுகளில் மூன்று முறை நடக்கும். தாலி கட்டும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் திருப்பிக் கேட்க முடியாது. புரோகிதர் கையை உயர்த்திக் கெட்டிமேளம் என்றதும் கூட்டம் எழுந்துவிடும், அட்சதை பறக்கும். மணமகள் தலை குனிந்திருப்பார். முடிச்சு விழுவதோ பின்கழுத்தில். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அவர் எந்தப் பக்கமாகக் குனிவார் என்று முன்பே கேட்டு வைத்தால், உங்கள் இடம் தானாக முடிவாகிவிடும்.

அட்சதை லென்ஸுக்கு முன்னால் விழும்போது ஆட்டோஃபோகஸ் அரிசியைத் துரத்தப் போய்விடும். முன்கூட்டியே மணமகள் முகத்தில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிட்டு, அதே தூரத்தில் நில்லுங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்தால், சிறிய சென்சாரில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 செ.மீ.தான், பெண் முகம் தெளிந்தால் மாப்பிள்ளை முகம் மங்கும். எஃப் 4-க்கு இறக்கி, ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு வெளிச்சமாக்கினால், முதலிலேயே ஏற்றியிருந்தால் வந்திருக்கும் அளவுக்கு நாய்ஸ் புள்ளி அப்போதும் வரும். ஷட்டர் 1/100 நல்ல தொடக்கம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன; அந்த வேகத்தில் படத்தில் பட்டை விழாது. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் மட்டும் முன்னதாக ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷட்டரை அமுக்கியே பிடிக்காதீர்கள். ரா கோப்புகளில் பஃபர் நிரம்பி கேமரா திணறும்போது மூன்றாவது முடிச்சு விழுந்துவிடும்.

120 ஃபிலிமில் ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம் எடுத்த காலத்தில், ரோலில் நாலு படம் மிச்சமிருந்தாலும் முகூர்த்தத்துக்கு முன் புது ரோல் போட்டவர்கள் உண்டு. இன்றும் அது பொருந்தும். பேட்டரி பாதி இருந்தாலும் மாற்றுங்கள். கார்டையும் மாற்றுங்கள், அது ஏற்கெனவே எழுதிப் பார்த்த கார்டாக இருக்கட்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு தம்பியையோ அத்தை மகளையோ கைபேசியுடன் நிறுத்தி, அந்த ஒரு நிமிடத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கோட்டைவிட்டாலும் படம் இருக்கும். கைபேசி லென்ஸைத் துடைக்கச் சொல்ல மறக்க வேண்டாம்.

இனி தொழில் தகராறு. வடபழனி முருகன் கோயில் போன்ற இடங்களில் முகூர்த்த நாளன்று அடுத்த ஜோடி காத்துக்கொண்டிருக்கும். அங்கே நடக்கும் பல எளிய கல்யாணங்களுக்குக் கலைஞரை அமர்த்தும் வசதி கிடையாது. அவற்றை ஆர்வலர் எடுப்பதால் யார் பிழைப்பும் கெடாது. ஆனால் “என்னிடம் ஸ்பேர் கிடையாது, ஏதாவது ஆனால் படம் போய்விடலாம்” என்று பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கலைஞர் வந்திருக்கும் மண்டபத்தில் ஆர்வலர் மேடையை நெருக்கக் கூடாது. பந்திக் கட்டில் ஓடும் கைகள், மாடியில் பூத்தொடுக்கும் பெரியம்மாக்கள் என்று மேடையில் நிற்கும் கலைஞரின் கண்ணுக்கு எட்டாதவை நிறைய உண்டு.

கலைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். புது மாடல் வாங்கியபின் அலமாரியில் தூங்கும் பழைய பாடியை, தெரிந்த ஆர்வலருக்கு ஒரு நாளைக்குக் குறைந்த வாடகையில் கொடுங்கள். ஊர்ச் சங்கங்கள் இதை முறைப்படுத்தலாம்: முன்பணம், பொறுப்பு எழுதிய ஒரு தாள், திருப்பித் தரும் நேரம் போதும். ஒரே நாளில் நாலு முகூர்த்தம் விழும்போது இரண்டாவது ஆளுக்கு அலைவது நீங்கள்தான். அந்த ஆளை உருவாக்க இதைவிட மலிவான வழி இல்லை.