மாவை நாலு தடவை அரைக்கணுமா?

பொத்தேரியில் எங்கள் மாடியில் குடியிருக்கும் கல்லூரித் தம்பி நேற்று இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் அவனுக்குப் பரீட்சை.

ஒரே மென்பொருளை, ஒரே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நாலு விர்ச்சுவல் மெஷினிலும் தனித்தனியாக மூலநிரலிலிருந்து கம்பைல் செய்துகொண்டிருந்தான்.

"எதுக்குப்பா நாலு தடவை?"

"இப்படித்தான் சார் சொல்லிக்கொடுத்தாங்க."

நாலும் ஒரே டெபியன் பதிப்பு. ஒன்றில் கம்பைல் செய்து, 'டெப்' பொதியாகக் கட்டி, மற்ற மூன்றிலும் நிறுவினால் முடிந்தது. வேண்டாமென்றால் நீக்குவதும் எளிது. பதிப்பு வேறாக இருந்தால் நூலகங்கள் ஒத்துப்போகாமல் போகலாம். அப்போதுதான் தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும்.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். ஓரிடத்தில் கட்டிய பொதிதான் எல்லாக் கணினிக்கும் போகிறது.

ஆசிரியர்களே, கம்பைல் செய்யக் கற்றுக்கொடுங்கள், கட்டாயம் வேண்டும். அதோடு, பொதியாக்கிப் பகிரவும் கற்றுக்கொடுங்கள். பிள்ளைகள் கொஞ்சம் தூங்கட்டும்.