மெலிந்த உடம்பும் வியர்வையும்: ஒரு முறைப்பாடு

நடுவயதைத் தாண்டிய ஒருவர் மெலிந்து வந்தால் கண்டவுடன் வாழ்த்துச் சொல்லும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். கைவிட முடியாவிட்டால், அவர் அடுத்துச் சொல்லப்போகும் வசனத்தைக் கேட்கும்வரையாவது ஒத்திவைக்க வேண்டும். கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் அலுவலகத்திலும் "என்ன, நல்லா மெலிஞ்சிட்டியள், வடிவாயிருக்கு" என்று நாம் சொன்னதும், அவர்களுட் சிலர் சற்றுத் தயங்கிவிட்டு, "மெலிஞ்சது சரி, ஆனால் ஒரே வெக்கையாக் கிடக்கு. ஃபானுக்குக் கீழை இருந்தாலும் வேர்க்குது" என்கிறார்கள். அந்த இரண்டாவது வசனம் எவர் காதிலும் விழுவதில்லை. விழுந்தாலும் நம்மிடம் ஆயத்தமான விடை இருக்கிறது. "அது உடம்புச் சூடு. இளநீர் குடியுங்கோ, வெந்தயம் ஊறப்போட்டுக் குடியுங்கோ." பெண்ணாக இருந்தால், "அது அந்த வயசுதான் அக்கா" என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

இந்த விடைகளில் ஆட்சேபிப்பதற்கு நிறைய உண்டு. இளநீரால் எவருக்கும் பெருந்தீங்கு வந்துவிடாது. சிறுநீரக நோயாளர் மட்டும் அவதானமாக இருக்க வேண்டும். என் முறைப்பாடு இளநீரின் மீது அன்று. ஒரு நோய்க்குறியை விடையாகக் கொடுத்துவிட்டு, கேள்வியை மூடிவிடுகிறோமே, அதன் மீதுதான். "எனக்குச் சூடாக இருக்கிறது" என்பவரிடம் "உங்களுக்குச் சூடு" என்று சொல்வது, "வீட்டிற் களவு போய்விட்டது" என்று முறையிட வந்தவரிடம் "உங்கள் வீட்டிற் களவு போயிருக்கிறது" என்று பொலிசார் எழுதிக் கொடுத்து அனுப்புவதற்கு ஒப்பானது.

உடல் எடை குறைந்தால் இயல்பாக நடக்க வேண்டியது என்ன? சூடு அல்ல, குளிர். தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு ஒரு போர்வை. அது மெலியும்போது வெப்பம் இலகுவாக வெளியேறும். உடல் சிறுத்தால் அது எரிக்கும் சக்தியும் குறையும். உணவைக் குறைத்தவரின் உடல் சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது, தைரொயிட் சுரப்பியின் செயலூக்கமுள்ள ஓமோன் தாழ்கிறது, நாடி மெதுவாகிறது. இதை மிகத் துலக்கமாகக் காட்டிய ஆய்வு 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் நடத்தியது. போருக்குச் செல்ல மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர்கள், தாமாக முன்வந்து ஆறு மாதகாலம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்த அவர்கள், கோடைகாலத்திலும் குளிர்கிறது என்று போர்வை கேட்டார்கள். மெலிந்த உடம்பின் இயல்பு அது. ஆகவே மெலிந்தும் வெக்கைப்படுகிறவர், இயற்கை எதிர்பார்க்கும் திசைக்கு எதிர்த்திசையிற் சென்றுகொண்டிருக்கிறார். அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் வேகமாக நடந்து எடையைக் குறைத்தவர்களுக்கு, நடக்கும்போது முன்னரிலும் விரைவாக வியர்க்கும். பயிற்சி பெற்ற உடம்பு தன்னைக் குளிர்விக்க முந்திக்கொள்கிறது. அது நல்ல அறிகுறி. நான் பேசுவது கதிரையிற் சும்மா இருக்கும்போது கைலேஞ்சி நனைவதைப் பற்றியும், இரவில் தலையணையுறை ஈரமாவதைப் பற்றியும். நமது கொழும்புப் புழுக்கத்தில் எல்லோருக்குந்தானே வியர்க்கிறது என்பார்கள். எல்லோருக்கும் வியர்க்கிறது, ஆனால் பக்கத்திற் படுத்திருப்பவர் போர்த்துக்கொண்டிருக்க, ஒருவருக்கு மட்டும் வியர்த்தால் அது காலநிலைக் குற்றமாகாது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பனிக்காலத்தில் யன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலிற் சந்தேகிக்க வேண்டியது கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட் சுரப்பியை. அது அளவுக்கு மீறிச் சுரந்தால், உண்பது குறையாமலே எடை குறையும், வெக்கை பொறுக்காது, உள்ளங்கை சூடாகவும் ஈரமாகவும் இருக்கும், விரல் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். டப்ளின் வைத்தியர் றொபேட் கிறேவ்ஸ் 1835இல் விவரித்த நோயே இதற்குத் தலையாய காரணம். ஆண்களிலும் பார்க்கப் பெண்களையே பன்மடங்கு பீடிப்பதாயினும், ஆண்களை அது விட்டுவைப்பதில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மூத்த ஜோர்ஜ் புஷ்ஷின் மனைவி பார்பராவுக்கு 1989இல் இந்நோய் கண்டறியப்பட்டது. எடை குறைந்ததோடு கண்களிலும் உபாதை தோன்றியிருந்தது. 1991 மே மாதத்தில், காம்ப் டேவிட்டில் ஓட்டப் பயிற்சியில் இருந்த 66 வயதான ஜனாதிபதிக்கு இதயத்துடிப்பு ஒழுங்குகெட்டது. ஆராய்ந்தபோது அவருக்கும் அதே நோய். கணவன், மனைவி இருவருக்கும் எப்படி வந்தது என்று அவர்கள் குடித்த தண்ணீரைக்கூடப் பரிசோதித்தார்கள், காரணம் அகப்படவில்லை. நோயைக் கண்டுபிடிக்க இதயம் தடுமாறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையே நான் இங்கு சுட்டுகிறேன். கவனிக்காது விட்டால் இதயத்தோடு எலும்பும் தேயும். கண்டுபிடிக்கவோ ரி.எஸ்.எச். என்ற ஓர் இரத்தப் பரிசோதனையோடு தொடங்கினாற் போதும்.

"எங்கள் நாட்டு உப்பில் அயடீன் இருக்கிறதே, தைரொயிட் பிரச்சினை எங்களுக்கு ஏன்?" என்று படித்தவர்களே கேட்கக் கேட்டிருக்கிறேன். 1995இல் இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது கண்டக்கழலையை ஒழிப்பதற்கு. கிறேவ்ஸ் நோய் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சுரப்பியையே தூண்டிவிடுவதால் வருவது. உப்பு அதற்குக் காவல் அன்று.

இனி நான் மிகவும் கவலைப்படும் விடயத்துக்கு வருகிறேன். இது நோயைப் பற்றியதன்று, மருந்துத் துண்டைப் பற்றியது. நம்மிற் பலர் நாற்பது வயதில் வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டை, மடிப்புகள் கிழியும்வரை பேர்சில் வைத்திருந்து, அதே மருந்துக்கடையில் அதே குளிசைகளை வருடக்கணக்காக வாங்கிப் போடுகிறவர்கள். அந்தத் துண்டு எழுதப்பட்டது எண்பது கிலோ எடையுள்ள மனிதருக்கு. இப்போது அதை விழுங்குபவர் அறுபத்தைந்து கிலோ மனிதர்.

சீனி வருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். சோற்றை அரைக்கோப்பையாகக் குறைத்து, பின்னேரங்களில் நடந்து, பத்துப் பதினைந்து கிலோவைக் கரைத்தவருக்கு முன்னைய மருந்தளவு மிகையாகிவிடுகிறது. மெட்போமின் மாத்திரம் எடுப்பவருக்கு அவ்வளவு பயமில்லை. கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற குளிசைகளோ இன்சுலின் ஊசியோ எடுப்பவரின் இரத்தச் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். அப்போது முதலில் தோன்றுவது வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி. அதைத்தான் "உடம்புச் சூடு" என்று சொல்லித் தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்கிறோம், அதுவும் சீனி போடாமல்!

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பிரஷருக்காகவோ இதயத்துக்காகவோ அட்டெனலோல் போன்ற குளிசை எடுப்பவருக்கு, சீனி இறங்கும்போது வரவேண்டிய படபடப்பையும் நடுக்கத்தையும் அக்குளிசை மறைத்துவிடும். வியர்வையை மட்டும் அதனால் மறைக்க முடியாது. அதாவது, அந்த மனிதரின் உடம்பில் மிஞ்சியிருக்கும் ஒரே அபாய மணி வியர்வைதான். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசமிருந்துகொண்டு, "மருந்தை மட்டும் விடேல்லை" என்று பெருமையோடு சொல்லும் முதியவர்களை நான் அறிவேன். நோன்பு காலத்திலும் இதே நிலைதான். விரதத்துக்கு முன்னர் மருந்தளவை வைத்தியரிடம் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது பக்திக்கு விரோதமான பேச்சு அன்று.

தைரொயிட் குறைவாகச் சுரப்பதால் தைரொக்சின் குளிசை எடுப்பவர்களின் கதையும் இதுவே. முழு அளவில் அதைக் கொடுக்கும்போது கிலோவொன்றுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடுவது வழக்கம். எடை குறைந்தாற் கணக்கும் மாற வேண்டும். மாற்றாவிட்டால், சுரப்பி செய்யாத குற்றத்தைக் குளிசை செய்யத் தொடங்கும்: வெக்கை, வியர்வை, நித்திரையின்மை. இக்குளிசைகள் எதையும் தாமாக நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ளக்கூடாது, நிறுத்துவதும் ஆபத்தே. பழைய துண்டையும் புதிய எடையையும் ஒரே மேசையில் வைத்து வைத்தியரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்கிறேன். எடை குறைந்த செய்தியை உறவினர் அத்தனை பேருக்கும் அறிவித்துவிட்டு, மருந்து எழுதும் வைத்தியருக்கு மாத்திரம் அறிவிக்காமல் விடுவது என்ன வழக்கமோ தெரியவில்லை.

பெண்கள் விடயத்தில் நமது அலட்சியம் இன்னும் மோசம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடல் திடீரென்று தணலாவதும் வியர்ப்பதும் உண்மை. ஆனால் அது பெரும்பாலும் அலைபோல் வந்து சில நிமிடங்களில் வடிந்துவிடும். அக்காலத்தில் எடை கூடுவதே பொதுவான அனுபவம்; காரணமின்றிக் குறைவதன்று. மேலும், 17,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வொன்றில், உணவை மாற்றி எடை குறைத்தவர்களிடம் இந்த வெக்கை தணிந்து போகும் வாய்ப்பு அதிகமாகவே காணப்பட்டது. அப்படியிருக்க, எடையும் குறைந்து வெக்கையும் கூடிய ஒரு பெண்ணிடம் "வயசு" என்ற ஒற்றைச் சொல்லை நீட்டுவது மருத்துவமாகாது. தனியார் மருத்துவமனையிற் சனல் பண்ணி, மூன்று மணிநேரம் காத்திருந்து, மூன்று நிமிடம் பேசி, அதே "வயசு" என்ற சொல்லைக் காசு கொடுத்து வாங்கி வந்த பெண்களும் இருக்கிறார்கள். வெளியே அதை இலவசமாகவே சொல்கிறார்களே!

இரவு வியர்வைக்கு இன்னொரு பழைய காரணம் உண்டு. அதன் பெயரைச் சொல்ல நாம் கூசுகிறோம். காசநோய். மாலைக் காய்ச்சல், விடாத இருமல், மெலிவு, இரவில் நனையும் படுக்கை. சீனி வருத்தக்காரருக்கு அது பிடிக்கும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இலங்கையின் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஏறத்தாழ ஆறு மாதச் சிகிச்சையில் பெரும்பாலோர் முற்றாகக் குணமடைகிறார்கள். இருந்தும், மகளுக்குக் கலியாணம் பேசும் வீட்டில் அந்தச் சொல் வாசற்படி தாண்டக்கூடாது என்பதற்காக, "சூடு" என்று பெயர்மாற்றி மூடி வைக்கிறார்கள். நிணநீர்ச் சுரப்பிகளைப் பற்றும் புற்றுநோய்களும் இப்படித் தொடங்குவதுண்டு. முயற்சியேதும் இன்றி ஆறு முதற் பன்னிரண்டு மாதங்களுக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் ஆராய வேண்டும் என்பது வைத்தியர்களின் பொதுவான அளவுகோல். எழுபது கிலோக்காரருக்கு அது வெறும் மூன்றரைக் கிலோ. நாம் வாழ்த்துச் சொல்லத் தொடங்குவதே அந்த அளவிற்றான்.

கடைசியாக எனது தொழிலுக்கு வருகிறேன். மெலிய வைக்கும் தூளுக்கும் தேநீருக்கும் மூலிகைக் குளிசைக்கும் ஞாயிறு மலர்கள் இடங்கொடுத்து வந்திருக்கின்றன. அந்தப் பொதிகளுக்குள் இருப்பது எப்போதும் மூலிகை மட்டுமன்று. இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுற்றமைன் என்ற இரசாயனம், அதன் பின்னரும் பல நாடுகளில் "இயற்கை" மெலிவு மருந்துகளுக்குள் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. நாடி எகிறுவதும் வியர்ப்பதும் அதன் பக்கவிளைவுகள். "வியர்த்தால் கொழுப்பு கரைகிறது என்று அர்த்தம்" என்று விற்பவர் சொல்வார், வாங்கியவர் நம்புவார்.

இந்தப் பொய்க்கு வயது அதிகம். முதலாம் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைற்றோபீனோல் என்ற இரசாயனத்தோடு வேலை செய்தவர்கள் காய்ச்சல் கண்டு, வியர்த்து, மெலிந்தார்கள், சிலர் இறந்தார்கள். 1933இல் ஸ்ரான்பேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதையே மெலிய வைக்கும் மருந்தாக அறிமுகப்படுத்தினார்கள். குறுகிய காலத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் அமெரிக்கர் அதை விழுங்கியதாகக் கணக்கிடப்பட்டது. உடம்பின் சக்தியை வேலைக்குப் பயன்படாமல் வெறும் சூடாக எரித்துவிடும் மருந்து அது. பலருக்குக் கண்ணிற் புரை விழுந்தது. சிலர் தம் உடம்பின் சூட்டாலேயே மாண்டார்கள். 1938இன் புதிய சட்டத்தோடு அது விலக்கப்பட்டது. அதை இணையத்தில் வாங்கி விழுங்கிய இளைஞர்கள் பிரித்தானியாவில் இறந்த செய்திகள் 2010களிலும் வந்தன.

நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில் இத்தகைய விளம்பரமொன்றைப் பற்றி விளம்பரப் பகுதியிடம் கேட்டேன். "விளம்பரங்களின் உள்ளடக்கத்துக்கு ஆசிரியர் பீடம் பொறுப்பல்ல என்று கீழே போட்டிருக்கிறோமே ஐயா" என்றார்கள். இன்று 2015ஆம் ஆண்டின் சட்டப்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை என்று ஒன்று இருக்கிறது. மெலிவு மருந்தை விளம்பரம் செய்ய வருபவரிடம் அதன் பதிவிலக்கத்தைக் கேட்டு, விலையை அச்சிடும் அதே பெரிய எழுத்தில் அந்த இலக்கத்தையும் அச்சிடட்டும். இலக்கம் இல்லையென்றால் அந்த இடத்தில் கோயில் அறிவித்தலோ மரண அறிவித்தலோ போடலாம். அவற்றுக்குப் பத்திரிகைகளில் ஒருபோதும் பஞ்சமில்லை.