ஜோ லூயிஸ்: முஷ்டி அவருடையது, கல்லாப்பெட்டி யாருடையது?

உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனாக 1937 முதல் 1949 வரை வீற்றிருந்தவர் ஜோ லூயிஸ். இருபத்தைந்து முறை அவருடைய பட்டத்துக்குச் சவால் வந்தது. இருபத்தைந்து முறையும் அவரே வென்றார். ஹெவிவெயிட் பிரிவில் தொடர்ந்து இத்தனை முறை பட்டத்தைக் காத்த வீரர் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அமெரிக்க ஆளும் வட்டாரம் இவருடைய வாழ்க்கையை ஒரு நீதிக்கதையாகச் சொல்லி வந்திருக்கிறது. ஏழைக் கறுப்பின இளைஞன் உழைத்து உயர்ந்தான். நாடு அவனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. கடைசியில் அவனே தன் ஊதாரித்தனத்தால் கெட்டான் என்பது அந்தக் கதை. உழைத்து உயர்ந்தார் என்பது உண்மை. மற்றதைப் பற்றி நாம் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

1914-ம் ஆண்டு அலபாமா மாநிலத்தில், பருத்தி வயலில் வாரத்துக்கு உழுத ஒரு குடும்பத்தில் லூயிஸ் பிறந்தார். அடிமைகளின் பேரப்பிள்ளை அவர். 1926-ல் அக்குடும்பம் வயலை விட்டு வடக்கே டெட்ராய்ட் நகருக்குப் பிழைக்க வந்தது. லூயிஸ் ஃபோர்டு மோட்டார் ஆலையில் வேலை பார்த்தார். பொருளாதார மந்தக் காலத்தில் அக்குடும்பம் அரசின் நிவாரணப் பணத்தில் உயிர் வாழ்ந்தது. 1934 ஜூலை 4-ந் தேதி லூயிஸ் சிகாகோவில் தொழில்முறைக் கோதாவில் இறங்கினார். அன்று அவருக்குக் கிடைத்தது 59 டாலர். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவர் செய்த காரியங்களில் ஒன்று, தன் குடும்பம் வாங்கியிருந்த நிவாரணப் பணத்தை டெட்ராய்ட் நகராட்சிக்குத் திருப்பிக் கட்டியதாகும்! இந்த மனிதரைத்தான் பிற்காலத்தில் வரி ஏய்த்தவரைப் போல விரட்டினார்கள் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

கறுப்பின வீரனுக்குக் கோதாவுக்குள் நுழையவே நிபந்தனை இருந்தது. 1908-ல் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்ஸன் தலைநிமிர்ந்து நடந்தார். வெள்ளை இனப் பெண்களுடன் பகிரங்கமாகப் பழகினார். அதை நிறவெறியர்களால் பொறுக்க முடியவில்லை. 1913-ல் முழுக்க வெள்ளையரே கொண்ட ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அந்தத் தீர்ப்புக்கு மன்னிப்பு வழங்க அமெரிக்க அரசுக்கு 2018 வரை, அதாவது 105 ஆண்டுகள், பிடித்தது. 1915-ல் ஜான்ஸன் பட்டம் இழந்த பின் 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரனுக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்குப் போட்டியிட வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. ஆகவே லூயிஸின் மேலாளர்கள் அவருக்குச் சட்டம் விதித்தார்கள். வெள்ளைப் பெண்ணுடன் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. விழுந்த எதிரியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. வெற்றி பெறலாம், வென்ற மகிழ்ச்சியை முகத்தில் காட்டக் கூடாது! இதுதான் அவருக்கு அளிக்கப்பட்ட சுதந்திரம்.

1936-ல் ஜெர்மன் வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் லூயிஸை 12-வது சுற்றில் வீழ்த்தினார். ஆரிய இனத்தின் மேன்மை நிரூபணமாகிவிட்டது என்று நாஜிகள் கொக்கரித்தார்கள். 1938 ஜூன் 22-ந் தேதி இருவரும் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் மீண்டும் மோதினார்கள். சுமார் 70,000 பேர் நேரில் பார்த்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் வானொலியில் காது வைத்துக் காத்திருந்தார்கள். 124 விநாடிகளில் சண்டை முடிந்தது. ஷ்மெலிங் எழ முடியாமல் கிடந்தார். ஹார்லெம் வீதிகளில் மக்கள் வெள்ளமாகத் திரண்டு ஆடிப் பாடினார்கள். அந்த மகிழ்ச்சியை யாரும் ஏளனம் செய்யக் கூடாது. இனவெறிக் கொள்கையின் முகத்தில் விழுந்த அடி அது. ஷ்மெலிங் நாஜிக் கட்சியில் சேராதவர் என்பதையும், அதே ஆண்டு நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்டபோது இரண்டு யூதச் சிறுவர்களைத் தம் அறையில் ஒளித்துக் காத்தவர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தனிமனிதர் இருவரின் பகை அல்ல அது. பிற்காலத்தில் இருவரும் நண்பர்களாயினர்.

ஆனால் அன்று லூயிஸை ஜனநாயகத்தின் வீரர் என்று வாயாரப் புகழ்ந்தவர்களின் வீட்டு நிலைமை என்ன? அதே 1938-ம் ஆண்டின் தொடக்கத்தில், கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொலை செய்வதைத் தடுக்கும் மசோதாவைத் தென்மாநில செனட்டர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே சாகடித்தார்கள். அத்தகைய சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது 2022-ல்தான். கோதாவில் கறுப்புக் கை வெள்ளை முகத்தைத் தொடலாம். கோதாவுக்கு வெளியே கறுப்பு உயிருக்குச் சட்டத்தின் காவல் கிடையாது என்பதே அன்றைய நியதி.

பின்னர் யுத்தம் வந்தது. 1942 ஜனவரியில் பட்டி பேயருடன் நடந்த சண்டையின் வருமானத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார் லூயிஸ். மார்ச்சில் ஏப் சைமனுடன் நடந்த சண்டையின் வருமானத்தை ராணுவ நிவாரண நிதிக்குக் கொடுத்தார். இரண்டிலும் தம் பட்டத்தையே பணயம் வைத்து இறங்கினார். அந்தக் கடற்படையில் கறுப்பின இளைஞனுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் அதிகாரிகளின் எச்சில் தட்டைக் கழுவுவதுதான்! லூயிஸ் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். சிப்பாய்களின் முன்னால் ஏறத்தாழ நூறு காட்சிச் சண்டைகள் போட்டார். இனவாரியாகப் பிரித்து உட்கார வைத்த கூட்டத்தின் முன் ஆட முடியாது என்று மறுத்தார். தாம் பிறந்த அதே அலபாமாவில், ராணுவ முகாமின் பஸ் நிறுத்தத்தில் கறுப்பர் பெஞ்சுக்குப் போக மறுத்ததற்காக, ராணுவச் சீருடையில் இருந்தபோதே பிடித்து வைக்கப்பட்டார். சுவரொட்டியில் அவர் படம். பெஞ்சில் அவருக்கு இடமில்லை!

யுத்தம் முடிந்தது. ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி. கடந்த பின் நீ யார், நான் யார்! வருமான வரி இலாகா லூயிஸின் கதவைத் தட்டியது. வட்டியும் அபராதமும் குட்டி போட்டு, 1950-களில் பாக்கி பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. கோதாவில் அவர் பெயரால் திரண்ட தொகை 46 லட்சம் டாலருக்கு மேல் என்றும், அதில் அவர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சம் மட்டுமே என்றும் கணக்கிடப்படுகிறது. மீதியெல்லாம் மேலாளர்களுக்கும் செலவினங்களுக்கும் போயிற்று. 1949-ல் ஓய்வு பெற்றவர் கடனுக்காக மறுபடியும் கையுறை மாட்டினார். 1951 அக்டோபரில், 37-வது வயதில், இளைஞர் ராக்கி மார்சியானோவிடம் அடிபட்டு எட்டாவது சுற்றில் கயிற்றைத் தாண்டி விழுந்தார். 1953-ல் அவர் தாயார் இறந்தபோது மகனுக்கு விட்டுச்சென்ற சில நூறு டாலரையும் வரி இலாகா எடுத்துக்கொண்டது. 1956-ல் உலகச் சாம்பியன் வயிற்றுப்பாட்டுக்கு மல்யுத்த வேடிக்கைக் காட்சிகளில் இறங்கினார்.

“அவர் ஊதாரி, கோல்ஃப் விளையாடியே பணத்தைக் கரைத்தார், நட்டத் தொழில்களில் போட்டார்” என்பார்கள். அவர் கை தாராளமான கைதான். அதை நாம் மறைக்கவில்லை. 1949-ல் சவால் வீரர்களின் ஒப்பந்தங்களைத் திரட்டி ஜேம்ஸ் நாரிஸ் என்ற கோடீஸ்வரரின் கையில் கொடுத்து, குத்துச்சண்டை முழுவதும் ஒரே கம்பெனியின் ஏகபோகமாவதற்கு அவரும் துணைபோனார் என்பதையும் மறைக்கவில்லை. அந்த ஏகபோகத்தைக் கலைக்கும் உத்தரவை 1959-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே உறுதிசெய்ய வேண்டி வந்தது. 

வரியைப் பற்றியும் ஒரு சொல். பெரும் வருமானத்தின் மீது கடும் வரி போடுவதை நாம் எதிர்ப்பவர்கள் அல்ல. ஆனால் அந்த வரி யார் மீது விழுந்தது? அன்றைய அமெரிக்கச் சட்டம் எண்ணெய் முதலாளிகளுக்கு ஒரு சலுகை வைத்திருந்தது. கிணற்றிலுள்ள எண்ணெய் நாளுக்கு நாள் வற்றுகிறதல்லவா, ஆகவே அதன் மொத்த வருமானத்தில் 27.5 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம் என்றது. 1926 முதல் 1969 வரை அந்த விகிதம் அப்படியே இருந்தது. பங்கு விற்று லாபம் பார்த்தவனுக்கும் குறைந்த வரி. குத்துச்சண்டை வீரனின் உடம்பு வற்றவில்லையா? அவன் சம்பாதிப்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். ஒவ்வோர் அடியிலும் மூளையும் கண்ணும் எலும்பும் தேய்கின்றன. அந்தத் தேய்மானத்துக்குச் சட்டத்தில் பத்தி இல்லை. பூமிக்குள் இருக்கும் எண்ணெய் தீர்ந்துபோகும் என்பதைக் கண்ட சட்டம், மனிதனின் உடல் தீர்ந்துபோகும் என்பதைக் காணவில்லை. எண்ணெய்க் கிணற்றுக்குச் சொந்தக்காரன் முதலாளி. உடம்பைத் தவிர வேறு சொத்தில்லாதவன் உழைப்பாளி. இந்த வேற்றுமைதான் லூயிஸின் கதைக்குத் திறவுகோல் என்பது நமது கருத்து.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். வரி இலாகா 1960-களில் கொஞ்சம் இறங்கி வந்தது. 1970-ல் லூயிஸ் மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். லாஸ் வேகாஸ் சூதாட்ட மாளிகை ஒன்றில் வருபவர்களுக்குக் கைகொடுத்து வரவேற்கும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. 1981 ஏப்ரல் 12-ந் தேதி, 66-வது வயதில் இறந்தார். ஜனாதிபதி ரீகன் விதியைத் தளர்த்தி, ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்ய அனுமதித்தார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பொன் யாருக்கு என்பதுதான் கேள்வி.

முகம்மது அலி வேறு வழியில் சென்றார். 1967-ல் வியத்நாம் யுத்தத்துக்குப் போக மறுத்தார். உடனே பட்டம் பறிக்கப்பட்டது. 1971-ல் சுப்ரீம் கோர்ட் அவர் மீதான தண்டனையை ரத்து செய்வதற்குள் அவருடைய இளமையின் மூன்றரை ஆண்டுகள் போய்விட்டன. அன்று லூயிஸ் அலியைக் கண்டித்துப் பேசினார். ஆனால் இருவர் வரலாற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பணிந்து சேவை செய்தவருக்கும் பில் வந்தது. பணிய மறுத்தவருக்கும் பில் வந்தது.

ஆகவே லூயிஸுக்கு அனுதாபம் தெரிவிப்பதோடு நிறுத்திவிட முடியாது. கோதாவில் இறங்குகிறவன் ஒரு தொழிலாளி. தொழிலாளிக்குரிய சங்க உரிமையும், விபத்துக் காப்பீடும், ஓய்வூதியமும் அவனுக்கும் உரியவை. இது ஆகாத காரியமல்ல. கலிபோர்னியா மாநிலம் 1982-லேயே குத்துச்சண்டை வீரர்களுக்கு ஓய்வூதிய நிதி ஏற்படுத்தியது. ஒரு மாநிலம் செய்ய முடிந்ததை மற்றவர்களும் செய்ய வேண்டும். வீரனின் கையை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், அந்தக் கை நடுங்கத் தொடங்கும் நாளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். சவப்பெட்டியின் மேல் போர்த்தும் கொடியை விட, உயிரோடு இருக்கையில் கொடுக்கும் நியாயமான பங்கே மரியாதை.