தற்செயல் எது, குற்றம் எது?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் 0–6 வயதில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். அப்போது மாநில அளவு 942. தொட்டில் குழந்தைத் திட்டம், விழிப்புணர்வுப் பிரச்சாரம், ஸ்கேன் மையங்கள் மீதான கண்காணிப்பு எனப் பல முயற்சிகளுக்குப் பின் 2011-இல் மாவட்டத்தின் விகிதம் 910-ஐத் தாண்டியது. இந்த முன்னேற்றத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், எந்த எண்ணை நம்புவது, எதை நம்பக் கூடாது என்ற தெளிவு நிர்வாகத்துக்கு வேண்டும்.

இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஒரு துணை சுகாதார நிலையப் பகுதியில் ஆண்டுக்கு 100 பிரசவங்கள் என்றால், 49 பெண் குழந்தைகளை எதிர்பார்க்கலாம். ஆனால் எந்தத் தவறும் நடக்காமலே அந்த எண் 39 முதல் 59 வரை ஊசலாடும். அதாவது விகிதம் 640 ஆகவும் வரலாம், 1,440 ஆகவும் வரலாம். ஓராண்டுக் கணக்கை வைத்து ஒரு கிராமச் செவிலியரைக் கண்டிப்பதும் பாராட்டுவதும் அநீதி. எண்ணிக்கை நூறு மடங்கானால் இந்த ஊசலாட்டம் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். ஒரு லட்சம் பிறப்புகளில் விகிதம் ஏறத்தாழ 940-க்கும் 965-க்கும் இடையில்தான் இருக்கும். லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடையே 826 என்பது தற்செயலாக வந்திருக்கவே முடியாது.

தற்செயலைப் பேசினால் குற்றவாளிகள் அதன் பின்னே ஒளிந்துகொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். ஆனால் தற்செயல் பிழை இருபுறமும் விழும். ஆண்டுகளைச் சேர்க்கச் சேர்க்கத் தேய்ந்துவிடும். கருவிலேயே பெண்ணை அழிக்கும் செயல் ஒரே பக்கம் சாய்வதால் எத்தனை ஆண்டுகளைச் சேர்த்தாலும் தேயாது. 1710-இல் ஜான் ஆர்புத்நாட் லண்டனின் 82 ஆண்டு ஞானஸ்நானப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான், ஆண் பிறப்புகளே ஆண்டுதோறும் மிகுந்திருப்பது தற்செயல் அல்ல என்று வாதிட்டார். பதிவில் குழந்தைகள் விடுபடுவதற்கும் இதே அளவுகோல் பொருந்தும்: பாலினம் பாராமல் விடுபட்டால் விகிதம் பெரிதும் மாறாது, பெண்கள் மட்டும் விடுபட்டால் எவ்வளவு பெரிய கணக்கும் பொய்யாகும்.

எனவே ஒன்றிய அளவில் ஐந்தாண்டுக் கணக்கைச் சேர்த்து, பிழை வரம்போடு வெளியிட வேண்டும். மூத்த பிள்ளை பெண்ணாக உள்ள வீடுகளின் அடுத்த பிரசவங்களைத் தனியாகக் கணக்கிட வேண்டும். பாலினத் தேர்வு அங்கேதான் அதிகம் நடக்கிறது. அந்தக் கணக்கு தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், விசாரணைக்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.