ஆறு மணித்தியாலத் தீவு

மகள் குடும்பத்தினரின் வற்புறுத்தலுக்கு இணங்கி 2024 செப்டெம்பரில் ஏஜியன் கடலில் ஏழு நாள் உல்லாசக் கப்பற் பயணம் ஒன்று போய்வந்தேன். திரும்பிய பின் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர் தொலைபேசியில் பேசும்போது, "சான்டோரினி பார்த்தீரோ?" என்று கேட்டார். "பார்த்தேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பின்னர்தான் அந்தப் பதில் உறுத்தத் தொடங்கியது.

நான் பார்த்தது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். காலை பத்து மணிக்குக் கரையில் கால் வைத்தோம். மாலை நான்கு மணிக்குக் கடைசி வள்ளம். ஆறு மணித்தியாலங்கள். பழைய துறையில் இருந்து செங்குத்தான பாறைச் சுவரின் உச்சியில் இருக்கும் ஃபிரா நகருக்கு ஏற மூன்று வழிகள் உண்டு: ஏறத்தாழ அறுநூறு படிகள், கோவேறு கழுதை, கேபிள் கார். எனது முழங்கால்கள் முதலாவதையும் மனச்சாட்சி இரண்டாவதையும் விலக்கிவிட்டன. கேபிள் கார் மணிக்குச் சுமார் 1,200 பேரை ஏற்றும். அன்று எங்களுடையதோடு நான்கு கப்பல்கள் நின்றிருந்தன. மேலே போக வரிசையில் ஒரு மணித்தியாலம், கீழே இறங்க ஒன்றேகால் மணித்தியாலம். எஞ்சியது நான்கு மணித்தியாலமும் இல்லை. அதிலும் பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், மகளுக்குப் படம், எனக்கு ஒரு கோப்பி.

அந்த இடத்தின் அழகைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடலுக்குள் இடிந்து அமிழ்ந்த ஓர் எரிமலையின் விளிம்பில்தான் ஊர் இருக்கிறது. கப்பல் நிற்கும் இடம் எரிமலையின் வாய். அதன் ஆழம் ஏறத்தாழ நானூறு மீற்றர் வரை போவதால் பெரும்பாலான கப்பல்கள் நங்கூரம் இடுவதில்லை. இயந்திரத்தை இயக்கியபடியே மிதந்து நிற்கின்றன. தரையைத் தொடாமலே வந்து, தரையைத் தொடாமலே போய்விடுகின்றன. ஒன்று மாத்திரம் தொட்டது. 2007 ஏப்ரலில் "சீ டயமண்ட்" என்ற கப்பல் கரையோரப் பாறையில் மோதி மறுநாள் மூழ்கியது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். பிரெஞ்சுப் பயணிகள் இருவர் கிடைக்கவேயில்லை. அதை அகற்றுமாறு ஊரவர் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்தும் நான் போனபோது அது அந்த நீலத் தண்ணீரின் அடியில்தான் கிடந்தது. எங்கள் கப்பலின் ஒலிபெருக்கி நகைக்கடைத் தள்ளுபடியைப் பற்றி விரிவாகச் சொன்னது. இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் உண்மையில் பார்க்க விரும்பியது அக்ரோதிரி. தீவின் தெற்கே, ஃபிராவில் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தொலைவில், எரிமலைச் சாம்பலுக்கு அடியில் கிடந்து மீண்ட வெண்கலக் கால நகரம். தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாதோஸ் 1967 இல் அங்கு அகழ்வைத் தொடங்கினார். 1974 இல் அகழ்விடத்திலேயே விபத்தில் இறந்தார். அந்த நகரத்தில் என்னைக் கவர்ந்த விடயம் ஒன்று உண்டு. பொம்பேயில் கிடைத்ததுபோல இங்கு மனித உடல்கள் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் பெருவெடிப்பு நிகழுமுன்னரே நில அதிர்வுகள் எச்சரித்திருக்கின்றன. மக்கள் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு வெளியேறியிருக்கிறார்கள். இரண்டு மாடி வீடுகளையும் தாழிகளையும் விட்டுவிட்டுப் போனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரே இரவில் வெளியேறியவர்களில் ஒருவனுக்கு இதை வெறும் தொல்லியல் தகவலாக வாசிப்பது கடினம்.

அக்ரோதிரிக்குப் போக நேரம் போதவில்லை. ஃபிராவில் உள்ள நூதனசாலையில் இருபது நிமிடம் நின்று, அங்கிருந்து எடுத்துவந்த நீலக் குரங்குகளின் சுவரோவியத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். வெளியே தெருவில் நகர முடியாத கூட்டம். உள்ளே என்னையும் சேர்த்து ஒன்பது பேர்.

வெளியேறுவது இந்தத் தீவுக்குப் புதிதல்ல. 1956 ஜூலை 9 ஆம் திகதி பெரும் பூகம்பம் வந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; ஆயிரக்கணக்கான வீடுகள் சிதைந்தன. அதன்பின் பலர் ஏதென்ஸ் பக்கம் போய்விட்டனர். இன்று உலகமே படம் எடுக்கும் இயா கிராமம் அப்போது பாதி வெறிச்சோடிய ஊர். எரிமலைச் சாம்பற் பாறையைக் குடைந்து கட்டிய அந்த வீடுகள் பணக்காரரின் கலைப்படைப்புகள் அல்ல; மரமும் தண்ணீரும் இல்லாத ஊரில் ஏழை மாலுமிகளும் கூலியாட்களும் கண்டுபிடித்த வழி. கூரையில் விழும் மழைத்துளியைக்கூட வீணாக்காமல் நிலத்தடித் தொட்டியில் சேர்த்தார்கள். ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில் கிணற்றை நம்பி வளர்ந்த எனக்கு இது நன்றாகவே விளங்கியது. 1970களின் நடுப்பகுதியில் கிரேக்கத்தின் சுற்றுலா அமைப்பு உரிமையாளர்களிடம் இருந்து கைவிடப்பட்ட வீடுகளைப் பொறுப்பேற்றுத் திருத்தித் தங்குமிடங்களாக மாற்றியது. நல்ல முயற்சிதான். ஒரு கிராமத்தை இடிபாட்டில் இருந்து காப்பாற்றியது. ஆனால் அதன் முடிவு இன்று எங்கே வந்து நிற்கிறது? அந்த ஏழைகளின் குகைவீட்டில் ஓர் இரவு தங்குவதற்குக் கேட்கும் பணத்தில் எங்கள் ஊரில் ஒரு குடும்பம் பல மாதம் சீவிக்கலாம். தீவுப் பாடசாலைக்கு நியமிக்கப்படும் ஆசிரியர்களுக்கும் வைத்தியர்களுக்கும் வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை என்று கிரேக்கப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன.

2023 இல் மாத்திரம் சுமார் 800 கப்பல்கள் 13 இலட்சம் பயணிகளை அங்கே கொண்டுவந்தன. தீவில் வாழ்பவர்கள் பதினையாயிரம் சொச்சம். நான் போன அதே மாதத்தில் பிரதமர் மிற்சோதாகிஸ் கப்பற் பயணிகளுக்கு வரி விதிக்கப்படும் என்று அறிவித்தார். 2025 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது: உச்சப் பருவத்தில் சான்டோரினியில் தலைக்கு 20 யூரோ. நாளொன்றுக்கு 8,000 கப்பற் பயணிகள் என்ற உச்சவரம்பும் உண்டு. இவை இரண்டையும் நான் ஆதரிக்கிறேன். ஆனால் இவை போதும் என்று எண்ணவில்லை.

20 யூரோ பயணச்சீட்டின் விலையில் கரைந்துவிடும். அதற்காக எவரும் பயணத்தைக் கைவிடப் போவதில்லை. 8,000 என்பதும் ஊரின் சனத்தொகையில் பாதிக்கு மேல். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை எல்லோரும் எண்ணுகிறார்கள், எத்தனை மணித்தியாலம் நிற்கிறார்கள் என்பதை ஒருவரும் எண்ணுவதில்லை. காலை உணவைக் கப்பலில் உண்டு, மாலை உணவுக்குக் கப்பலுக்கே திரும்பும் மனிதன் ஊருக்கு விட்டுச் செல்வது நெரிசலும் வெற்றுத் தண்ணீர்ப் போத்தலும்தான். ஒரு நாளில் நான்கு கப்பலுக்குப் பதிலாக ஒரு கப்பல் வரட்டும். வந்தால் ஓர் இரவும் மறுநாளும் நிற்கட்டும். துறையில் இடம் ஒதுக்கும்போது அதிக நேரம் நிற்கும் கப்பலுக்கு முதலிடம் கொடுக்கலாம், அதன் பயணிகளுக்கு வரியையும் குறைக்கலாம். அவசரமாக வருபவன் கூடுதலாகச் செலுத்தட்டும். கப்பற் கம்பனிகள் இதை விரும்பமாட்டா. பயணி இரவில் கரையில் செலவழிக்கும் காசு கப்பலின் மதுச்சாலைக்கும் சூதாட்ட மேசைக்கும் வராத காசு அல்லவா?

எதிர்வாதமும் உண்டு. எங்களைக் கரைசேர்த்த வள்ளத்தை ஓட்டியவர் உள்ளூர்க்காரர். கப்பலில் இருந்து ஆட்களை இறக்குவது அங்கே ஊர் வள்ளக்காரர் சங்கத்தின் தொழில். கப்பல் குறைந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். "கப்பல் இல்லாத நாளில் உனக்கு இங்கே வேலை இல்லை, எனக்கும் இல்லை" என்றார் அரைகுறை ஆங்கிலத்தில். அவருக்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒன்று இருந்தது: கேபிள் கார் 1980களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியபோது, அதன் வருமானத்தில் ஒரு பங்கு பிழைப்பை இழக்கும் கழுதைக்காரருக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர்களும் இதே ஊரவர்தான். அப்படி ஓர் ஏற்பாட்டை வரிப்பணத்தில் இருந்து வள்ளக்காரருக்கும் செய்யலாம். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வள்ளம் துறையைத் தொட்டுவிட்டது. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள்.

எனக்கு இதில் கல்லெறியும் தகுதி இல்லை என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். நாற்பது ஆண்டு காலப் பத்திரிகைத் தொழிலில், காலையில் ஓர் ஊருக்குள் இறங்கி மாலையில் அலுவலகம் திரும்பி அந்த ஊரின் துயரத்தை எட்டுப் பத்தியில் எழுதிய பாவத்தைப் பலமுறை செய்தவன் நான். இரவு தங்கிய ஊர்களைப் பற்றி எழுதியவை மட்டுமே இன்று வாசிக்கும்போது வெட்கப்படவைக்காமல் இருக்கின்றன.

2025 பெப்ரவரியில் சான்டோரினியைச் சுற்றி நாள்தோறும் நூற்றுக்கணக்கான நில அதிர்வுகள் ஏற்பட்டன. பாடசாலைகள் மூடப்பட்டன. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் படகிலும் விமானத்திலும் தீவைவிட்டுப் போனார்கள். தொலைக்காட்சியில் இரவு நேரத் துறைமுகத்தைக் காட்டினார்கள்: பயணப்பெட்டிகள், போர்வை சுற்றிய குழந்தைகள், கார்களின் நீண்ட வரிசை. அந்த முகங்களில் நான் கண்ட ஒருவராவது இருக்கிறாரா என்று தேடினேன். எனக்கு அங்கே தெரிந்த முகம் வள்ளக்காரரின் முகம் ஒன்றுதான். அதுவும் சரியாக நினைவில் இல்லை.