பூட்டைப் போட்டவனே சாவியும் விற்கிறான்

விளையாட்டு கடினமாக இருப்பது குற்றமல்ல. சடுகுடுவில் எதிரணி பலமாக இருந்தால்தான் ஆட்டத்துக்கு ருசி. ஆனால், ஆட்டத்தை நடத்துகிறவனே கோட்டைத் தூரத் தள்ளி வைத்துவிட்டு, “காசு கொடு, கிட்டே கொண்டு வருகிறேன்” என்றால் அதற்கு என்ன பெயர்? விளையாட்டா, வழிப்பறியா?

வீடியோ கேம் வியாபாரத்தில் இன்று நடப்பது இதுதான்.

1978-ல் ஜப்பானில் டைட்டோ கம்பெனி ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தைக் கொண்டு வந்தது. நாணயம் போட்டால் ஓடும் இயந்திரம். ஆடுகிறவன் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். அன்றே தோல்விக்கும் கல்லாப்பெட்டிக்கும் உறவு ஏற்பட்டுவிட்டது. பின்னர் ஆட்டம் வீட்டுக்கு வந்தது. ஒரு தரம் விலை கொடுத்தால் போதும் என்ற நிலை பிறந்தது. 2011-ல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ மிகக் கடினமான ஆட்டம். அடிக்கொரு தரம் சாக வேண்டும். இவ்வளவு கடினம் தேவையா என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அது நேர்மையான வாதம். ஏனென்றால் அங்கே பணம் கொடுத்து அரக்கனை ஒதுங்கச் சொல்ல முடியாது. பணக்காரனும் ஏழையும் அவனிடம் ஒரே உதைதான் வாங்குகிறார்கள்.

2017 நவம்பரில் நடந்தது வேறு. அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ என்ற ஆட்டத்தை 60 டாலருக்கு விற்க வந்தது. 1977 முதல் உலகம் பார்த்துவரும் சினிமாப் பெயர். அதன் புகழ்பெற்ற வில்லன் டார்த் வேடர். அவனாக ஆடத்தானே பிள்ளைகள் வாங்குகிறார்கள்? அவனைப் பூட்டி வைத்துவிட்டார்கள்! திறக்க 60,000 கிரெடிட் வேண்டும். ஆடி ஆடிச் சேர்க்க ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகும் என்று ஒரு ரசிகர் கணக்குப் போட்டார். எட்டு மணி நேர வேலை என்றால் ஐந்து நாள் உழைப்பு!

பக்கத்திலேயே இன்னொரு கடை. ‘லூட் பாக்ஸ்’ என்னும் பெட்டி. திறக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. காசு கொடுத்து வாங்கினால் பலம் கூட்டும் சீட்டுகள் விழலாம். காசில்லாதவன் மணிக்கணக்கில் மாரடிக்க வேண்டும்.

சாதித்த பெருமை கிடைப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று கம்பெனி வியாக்கியானம் செய்தது. ரெட்டிட் என்னும் இணைய அரங்கில் அந்தப் பதிலுக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்பு வாக்குகள் குவிந்தன. கம்பெனி விலையை முக்கால் பங்கு குறைத்தது. ஆனால் சூழ்ச்சியைப் பாருங்கள்: கதைப் பகுதியை ஆடி முடித்தால் கிடைக்கும் 20,000 கிரெடிட்டையும் 5,000 ஆக வெட்டியது! விலையைக் குறைத்துக் கூலியையும் குறைக்கும் இந்த வித்தை நமக்குப் புதிதா? ரசிகர்களும் ஏமாறவில்லை. வெளியீட்டுக்கு முதல் நாள், நவம்பர் 16 அன்று, ஆட்டத்துக்குள் காசு வாங்கும் கடையையே கம்பெனி மூட வேண்டி வந்தது. 2018-ல் கடை திரும்பியபோது உடை, தோற்றம் முதலிய அலங்காரங்களை மட்டுமே காசுக்கு விற்க முடிந்தது.

“ஆட்டம் தயாரிக்கச் செலவு ஏறிவிட்டதே” என்கிறார்கள். ஏறியிருக்கலாம். அப்படியானால் விலையைப் பகிரங்கமாகச் சொல்லி விற்கட்டும். துணி விற்கிறவன் இத்தனை கெஜம், இவ்வளவு விலை என்கிறான். மூடிய பெட்டியைக் காட்டிக் காசு கேட்பது சூதாட்டக்காரன்.

பெல்ஜியம் சர்க்காரின் சூதாட்டக் கமிஷன் 2018 ஏப்ரலில் இதையேதான் சொன்னது. ‘ஃபிஃபா 18’, ‘ஓவர்வாட்ச்’, ‘கவுண்டர்-ஸ்டிரைக்’ ஆட்டங்களின் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2019 ஜனவரி இறுதியில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், பெட்டி வாங்குவதற்கான ஃபிஃபா பாயிண்டுகளை அந்நாட்டில் விற்பதை நிறுத்தியது. சட்டம் குறுக்கே நிற்காத நாடுகளில் வியாபாரம் தொடர்கிறது.

தோழர்களே! உங்கள் பிள்ளை செல்போனில் ஆடினால் உடனே அடிக்கக் கை ஓங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். “இந்த இடம் ஏன் இவ்வளவு கஷ்டம்? தாண்டுவதற்குத் திறமை கேட்கிறானா, காசு கேட்கிறானா?” என்று விசாரியுங்கள். அந்தக் கேள்வியைக் கற்ற பிள்ளையை எந்தக் கம்பெனியும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது. மூடிய பெட்டியைக் குழந்தைகளுக்கு விற்பதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்று நாமும் கேட்போம். தனியாகப் பொருமிய ரசிகனால் ஒரு கிரெடிட்டும் குறையவில்லை. லட்சக்கணக்கானோர் ஒரே குரலில் முடியாது என்றபோது கடைக்கதவு மூடியது.